ஊட்டும்போது வரும் சந்தேகங்கள்: பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் வீட்டாருக்கு

என் மகளுக்கு 13 வயது. பெருமூளை வாதம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசிக் காம்பராவில் இருக்கிறோம். கண்டிக்கு கிளினிக் போகிற நாளில் விடிய நாலு மணிக்கே எழும்பி, மத்தியானம் வரை வாங்கில் காத்திருக்க வேண்டும். இந்தக் கேள்விகளெல்லாம் அந்த வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார் கேட்டவை. ஒரே கேள்வியை இருபது பேர் கேட்டதும், எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் டாக்டர் இல்லை. கிளினிக்கில் சொல்லித் தந்ததும், நானே பிழையாகச் செய்து பிறகு திருந்தியதும்தான் இதில் இருக்கிறது. உங்கள் பிள்ளையைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அதையே செய்யுங்கள்.

"இது என்ன வருத்தம்? மத்த புள்ளைங்களுக்குத் தொத்துமா?"

தொத்தாது. வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ மூளையில் தசைகளை ஆட்டுவிக்கிற பகுதிக்கு அடிபட்டுவிடுகிறது. குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடும் செங்கமாரி (மஞ்சள் காமாலை), மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. சில பிள்ளைகளுக்குக் காரணமே தெரிய வராது. கிரகணம், முனி, போன பிறவிப் பாவம் எதுவும் இதில் இல்லை. மாமியார் வீட்டில் சொல்லிக் காட்டினால் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

கை, கால் தசை மட்டும் இறுகுவதில்லை. உதடு, நாக்கு, தாடை, தொண்டை எல்லாமே தசைதான். அதனால்தான் நடை வராத பிள்ளைக்குச் சாப்பாடும் சிரமமாகிறது.

"மருந்து குடுத்தா சரியாகுமா?"

மூளையில் பட்ட அடியை எந்த மருந்தாலும் மாற்ற முடியாது. ஆனால் அந்த அடி வளர்வதும் இல்லை. வலிப்புக்கும் இறுக்கத்துக்கும் மருந்து உண்டு. பயிற்சியால் உட்காரவும் விழுங்கவும் பழக்கலாம். "முழுசா சுகப்படுத்துறேன்" என்று யாராவது காசு கேட்டால் பையைத் திறக்காதீர்கள்.

"இந்த வருத்தம் உள்ள புள்ளைங்க ஒல்லியாத்தானே இருக்கும்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு வயதில் என் மகள் 9 கிலோ. பார்த்தவர்கள் எல்லாரும் "இந்த வருத்தம் அப்படித்தான்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். ஒரு நாள் கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ், என்னை அங்கேயே ஊட்டச் சொல்லிப் பார்த்தார். ஊட்டி முடித்ததும் மகளின் கழுத்துத் துண்டை எடுத்து, அதில் விழுந்திருந்த சோற்றை வழித்துக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். பாதிக் கிண்ணம் நிறைந்தது. மகள் இளைத்ததற்குக் காரணம் அந்தத் துண்டில் இருந்தது.

நம் பிள்ளைகளால் பசிக்கிறது என்று சொல்ல முடியாது, அடுப்படிக்குப் போய் ஒரு துண்டு ரொட்டி எடுக்கவும் முடியாது. வாய்க்குள் போவதில் பாதி வெளியே வருகிறது. மெல்வதிலேயே களைத்து, வயிறு நிறையும் முன்பே தூங்கிவிடுகிறார்கள். கை, கால் ஓயாமல் முறுக்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்த அசைவிலும் சக்தி செலவாகும். இளைத்த பிள்ளைக்குச் சளி லேசில் பிடிக்கும், பயிற்சி செய்யவும் தெம்பு இருக்காது. ஒல்லியை விதி என்று விட்டுவிடாதீர்கள்.

"படுக்க வச்சு ஊட்டினாதான் சிந்தாம இறங்குது. அது தப்பா?"

தப்பு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். படுத்திருக்கும்போது சாப்பாடு தானாக வழுக்கிக்கொண்டு போகும், பிள்ளை விழுங்கத் தயாரா இல்லையா என்று அது பார்க்காது. கொஞ்சம் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலில் தங்கும். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றுவதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவதும் இதைவிட மோசம்.

பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டும். இடுப்பு பின்னால் ஒட்டி, முழங்கால் மடங்கி, பாதம் எதிலாவது ஊன்றி, தலை நடுவில், நாடி (முகவாய்) லேசாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பாதம் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு முழுக்க விறைக்கும். இதை நான் நம்பவில்லை, காலடியில் ஒரு பலகையை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன். எங்கள் வீட்டில் பழைய பிளாஸ்டிக் கதிரையொன்றின் இரண்டு பக்கத்திலும் சுருட்டிய கம்பளியை வைத்து, இடுப்போடு சேர்த்துப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டினோம். காலுக்கு மரப்பெட்டி. செலவு என்று ஒன்றும் இல்லை. கதிரை சரிவராத சின்னப் பிள்ளையென்றால், மடியில் உங்கள் பக்கம் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கையால் கழுத்தின் பின்புறத்தைத் தாங்குங்கள்.

சாப்பிட்டு முடித்தும் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். உடனே படுக்க வைத்தால் எதுக்களிக்கும்.

"வாயத் திறக்கவே மாட்டேங்குது, கரண்டியக் கடிச்சுப் பிடிச்சுக்குது"

வேண்டுமென்று கடிப்பதில்லை. பல்லில் ஏதாவது பட்டாலே தாடை தானாக மூடிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. இழுக்காதீர்கள், இழுத்தால் இன்னும் இறுகும். தாடை தளரும் வரை சும்மா இருங்கள். குழியில்லாத, உறுதியான சின்ன பிளாஸ்டிக் கரண்டி நல்லது. மெல்லிசான ஐஸ்கிரீம் கரண்டி வேண்டாம், அது வாய்க்குள்ளேயே உடைந்துபோகும்.

கரண்டியை மேலிருந்து கொண்டுவந்தால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், தொண்டை திறந்துபோகும். முன்னாலிருந்து, வாய்க்குக் கொஞ்சம் கீழிருந்து கொண்டுவாருங்கள். நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும் வரை பொறுத்து, நேராக வெளியே எடுங்கள். மேல் பல்லில் வழித்துவிடுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு, அதை விட வேண்டும். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய்.

"சோறு நல்லா போகுது, தண்ணி குடிச்சாதான் பொரையேறுது. ஏன்?"

தண்ணீர் வேகமாக ஓடும். தொண்டை மூடத் தாமதமாகிற பிள்ளைக்கு அந்த வேகம் ஆகாது. கொஞ்சம் கெட்டியாக்கினால் நிதானமாக இறங்கும்: அரிசிமாக் கஞ்சி, குரக்கன் கஞ்சி, மசித்த வாழைப்பழத்தில் கரைத்த பால். எவ்வளவு கெட்டி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதைப் பேச்சுப் பயிற்சி மிஸ்ஸிடம் காட்டிக் கேளுங்கள். பேச்சே வராத பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று பலர் போவதில்லை. விழுங்குவதைப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான்.

இரண்டும் கலந்திருப்பது இன்னும் சிரமம். ரசம் ஊற்றிய சோற்றில் ரசம் முதலில் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். பாலில் ஊறிய பாணும் அப்படித்தான். எதைக் கொடுத்தாலும் ஒரே பதமாகப் பிசைந்து கொடுங்கள். பொரையேறுகிறது என்று தண்ணீரையே நிறுத்திவிடாதீர்கள், அதனால் வேறு தொல்லை வரும், கீழே சொல்கிறேன்.

"எம்புள்ள இருமவே இருமாது. அப்ப பயமில்லதானே?"

இருமல் ஒரு காவல். அந்தக் காவலே வேலை செய்யாத பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்குச் சத்தமில்லாமல் உள்ளே போகும். சாப்பிடும்போது கண் கலங்குவது, முகம் நிறம் மாறுவது, சாப்பிட்ட பிறகு தொண்டையில் களகளவென்று ஈரச் சத்தம், காரணமில்லாத காய்ச்சல், அடிக்கடி நெஞ்சுச் சளி. இவற்றில் எதைக் கண்டாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். என் மகள் ஒரே வருடத்தில் மூன்று தடவை நிமோனியாவுக்கு வாட்டில் படுத்தாள். மூன்று தடவையும் "குளிர்தானே, சளி" என்றுதான் அனுப்பினார்கள். எப்படி ஊட்டுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஏதாவது அடைத்து மூச்சே வரவில்லை என்றால் முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தடவை பலமாகத் தட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரை 1990க்கு அடிக்கச் சொல்லுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காது.

"எங்க வீட்ல ரொட்டி, சோறு, பருப்புதான். சத்தான சாப்பாட்டுக்கு எங்க போறது?"

தனிச் சமையல் வேண்டாம். அதே சட்டிச் சோற்றில் கொஞ்சம் சேர்த்தால் போதும். நம் பிள்ளையின் வயிறு கொள்வது சின்னக் கிண்ணம். அதில் தண்ணீரையும் கஞ்சியையும் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. அளவைக் கூட்ட முடியாவிட்டால் கனத்தைக் கூட்ட வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். குழைய வேகவைத்த அரைக் கிண்ணம் சோறு, இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப் பருப்பு, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே 40 கலோரி வந்துவிடும், பிள்ளை கூடுதலாக ஒரு வாய்கூட மெல்ல வேண்டியதில்லை. அதோடு நன்றாக அவித்த முட்டை, அல்லது நெத்தலித் தூள். நெத்தலியை உப்புப் போகக் கழுவி, காயவைத்து, தலை கிள்ளி, வெறும் சட்டியில் மொறுமொறுவென வறுத்து, இடித்து, தேயிலை வடியில் சலியுங்கள். சலிக்காமல் விட்டால் முள் குத்தும். போத்தலில் போட்டு வைத்தால் வேளைக்கு ஒரு கரண்டி போதும்.

நம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் காய்க்கிற அலிபேராவை (வெண்ணெய்ப் பழத்தை) ஏனோ நாம் மதிப்பதில்லை. மெல்லவே வேண்டாத கொழுப்பு அது. கரட், பூசணி, உருளைக்கிழங்கு அவித்து மசித்து, கெட்டித் தேங்காய்ப் பால் விடலாம். கீரையைத் தண்டு நீக்கிக் கடைந்து கொடுங்கள், நார் தொண்டையில் மாட்டும். கோதுமை ரொட்டியை மட்டும் இந்தப் பிள்ளைகளுக்குத் தவிர்ப்பேன். வாயில் களியாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

"திரிபோஷா குடுக்கலாமா?"

தாராளமாக. சோளமும் சோயாவும் கலந்த, ஏற்கெனவே வெந்த மா அது. ஐந்து வயதுக்கு உட்பட்ட, எடை குறைந்த பிள்ளைக்கு கிளினிக்கில் தருவார்கள், மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். ஆனால் சீனி, தேங்காய்ப்பூ போட்டு உருண்டை பிடித்து இந்தப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், உதிர்ந்து மூச்சில் ஏறும். கூழாகக் காய்ச்சி எண்ணெயோ தேங்காய்ப் பாலோ விட்டுக் கொடுங்கள். பைக்கற் வந்த அன்றே வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு உருண்டை பிடிப்பது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். பிள்ளையின் பங்கை டின்னில் போட்டு மேலே வையுங்கள்.

"பிளேன்டீல பிஸ்கட் நனைச்சுக் குடுத்தா விரும்பித் திங்குதே"

விரும்பும், சீனிதானே. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. நாமே கொழுந்து பறித்துவிட்டு இதைச் சொல்வது ஒரு மாதிரித்தான் இருக்கிறது. பழக்கத்தை ஒரே நாளில் விட முடியாவிட்டால், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். பல்லுக்கும் அந்தச் சீனி ஆகாது. இரவில் வாயை ஈரத் துணியாலோ பிரஷ்ஷாலோ துடைத்துவிடுங்கள், பல் வலித்தால் பிள்ளை சாப்பாட்டையே மறுக்கும்.

"நாலு நாளா வெளிக்கிப் போகல. சாப்பாடும் வேணாங்குது"

இரண்டும் ஒன்றுதான். மலம் கட்டினால் பசி அடங்கும், வயிறு வலித்து உடம்பு விறைக்கும். நடமாட்டம் இல்லாததும், தண்ணீர் போதாததும்தான் பெரும்பாலும் காரணம். முன்னே சொன்ன கெட்டியாக்கிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாக நாள் முழுக்கக் கொடுங்கள். பழுத்த பப்பாசி, கடைந்த கீரை உதவும். தொப்புளைச் சுற்றி மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாக மெதுவாகத் தடவிவிடலாம். இறங்காவிட்டால் டாக்டரிடம் பாணி மருந்து கேளுங்கள். பேதிக்குச் சவர்க்காரத் துண்டு வைக்கிற பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம்.

"ஒரு வேளை ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகுது. கொழுந்துக்குப் போறதா, ஊட்டுறதா?"

அரை மணி நேரத்துக்கு மேல் ஊட்டுவதில் பிரயோசனம் குறைவு. பிள்ளை களைத்துவிடும், களைத்த பிள்ளைக்குத்தான் பொரையேறும். மூன்று பெரிய வேளையை ஐந்தாறு சின்ன வேளையாக உடையுங்கள். வேலைக்குப் போகும் முன் ஒன்று, மத்தியானம் ஒன்று, திரும்பி வந்து இரண்டு, படுக்கும் முன் ஒன்று என்று எனக்கு அமைந்தது. நடுவில் பத்து மணிக்கு என் மாமியார் ஒரு கிண்ணம் ஊட்டுவார். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) விடுகிறவர்கள் அங்கே பார்க்கிற பொறுப்பாளர் முன்னால் ஒரு தடவை ஊட்டிக் காட்டுங்கள், வாயால் சொன்னால் போதாது.

இத்தனையும் செய்தும், ஊட்டுவதற்கே நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகிறது, எடையும் ஏறவில்லை என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

"குழாய் போடணும்னு சொல்றாங்க. போட்டா அப்புறம் வாயால சாப்பிடவே சாப்பிடாதா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட ஒவ்வொரு தாயும் அழுதாள். குழாய் போட்டால் தாய் தோற்றுவிட்டாள் என்று ஒரு எண்ணம். மூக்கு வழிக் குழாய் கொஞ்ச நாளைக்கு. நீண்ட காலத்துக்கு என்றால் வயிற்றில் சின்னத் துளை போட்டு நேரே இரைப்பைக்கு வைப்பார்கள். விழுங்குவது ஆபத்தில்லாத பிள்ளைக்கு, டாக்டர் சரி என்றால், ருசிக்கு வாயாலும் கொடுக்கலாம். தேவையில்லாத நிலை வந்தால் குழாயை எடுத்தும்விடலாம். மருந்தும் தண்ணீரும் சண்டையில்லாமல் போகும்.

குழாய் வழி கொடுக்கும்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். மூக்குக் குழாயென்றால், அது இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தருவார்கள், ஒவ்வொரு தடவையும் பாருங்கள். எதை, எவ்வளவு என்பதை டாக்டரோ போசணை மிஸ்ஸோ எழுதித் தர வேண்டும். அசைவு குறைந்த பிள்ளைக்குக் குழாயில் அளவில்லாமல் கொடுத்தால் வெறும் கொழுப்பு ஏறும்.

"எடை கூடினா யாரு தூக்குறது?"

இதைச் சத்தமாகக் கேட்க மாட்டார்கள், காதோடு கேட்பார்கள். எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு 63 படி. மகள் இப்போது 27 கிலோ. எனக்கும் ஒரு காலத்தில் அந்த நினைப்பு வந்தது, அதனால் உங்களைக் குறைசொல்ல வாய் வராது. ஆனால் இளைத்த பிள்ளையைத்தான் நான் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினேன். எலும்பு துருத்தினால் படுக்கைப் புண் வேறு வரும்.

தூக்குகிற முறையை மாற்றுங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து எழும்புங்கள். பத்து வயது தாண்டினால் இரண்டு பேர். சக்கர நாற்காலிக்குச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள், தேவை வந்த பிறகு கொடுத்தால் காத்திருக்க நேரும்.

"நிக்கவே முடியாத புள்ளைய எப்படி நிறுக்கிறது?"

நீங்கள் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். உயரத்துக்கு முழங்காலிலிருந்து பாதம் வரை அளந்து கணக்குப் போடுவார்கள். மாதம் ஒரு தடவை ஒரே தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எடையோடு ஒப்பிட வேண்டாம், போன மாத எடையோடு ஒப்பிடுங்கள்.

"வலிப்பு மருந்த சோத்துல கலந்து குடுக்கலாமா?"

கிண்ணம் முழுக்கக் கலந்தால், பாதியில் நிறுத்துகிற அன்று பாதி மருந்துதான் போயிருக்கும். முதல் ஒரு கரண்டியில் மட்டும் கலந்து கொடுங்கள். எந்தக் குளிசையைத் தூளாக்கலாம், எதைக் கூடாது என்று மருந்து தருகிற இடத்தில் கேளுங்கள். வலிப்பு வரவில்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வலிப்பு மருந்துகள் விட்டமின் டி-யைக் குறைத்து எலும்பைப் பலவீனமாக்கும், அதையும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"குளிர் தாங்கலன்னு அடுப்புப் பக்கத்துலயே வச்சிருக்கேன்"

விறகுப் புகை நெஞ்சுச் சளியைக் கூட்டும். தானாக விலக முடியாத பிள்ளைக்குச் சூடும் நெருப்பும் ஆபத்து. ஸ்வெட்டர், தொப்பி, காலுறை போட்டு மற்றக் காம்பராவில் வையுங்கள். மார்கழி, தையில் மூடுபனி விலகுகிற நேரம் பார்த்து வாசலில் வெயில் படட்டும், கதிரையோடு தூக்கிப்போய் அங்கேயே ஒரு வேளை ஊட்டினாலும் நல்லதுதான்.

"அரசாங்க உதவி ஏதாவது கிடைக்குமா? எங்க போய்க் காட்டுறது?"

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. கிராம சேவகரின் கையெழுத்து, டாக்டரின் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், நான் அதிலேயே எட்டு மாதம் அலைந்தேன். பெரிய பரிசோதனைகளுக்குப் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். சிங்களம் தெரியாதவர்கள் கேள்விகளை யாரிடமாவது சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

"எங்கூட்டுக்காரர் புள்ளையத் தொடவே பயப்படுறாரு"

ஊட்டச் சொல்லித் தொடங்காதீர்கள். முதலில் கதிரையைச் செய்யச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மரப்பெட்டிக்கு ஆணியடித்தவர், அது சரியான உயரமா என்று பார்க்க மகளின் காலைப் பிடித்தார். இன்று இரவுச் சாப்பாடு அவர் பொறுப்பு. என்னைவிடப் பொறுமை. சின்னவனுக்கும் வாய் துடைக்கிற வேலை கொடுத்தோம். அவனுக்கென்று ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம், இல்லாவிட்டால் அக்காமேல் கோபம் வளரும்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு ஊட்டுவா?"

போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் வாட்டில் இருந்தபோது இது எனக்கும் வந்த கேள்வி. திரும்பி வந்து கலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் மாட்டினேன்: கதிரையில் மட்டும். காலுக்குப் பெட்டி. நீலக் கரண்டி. தண்ணீர் கெட்டியாக, போத்தலில் கோடு போட்டிருக்கிறது. ஒரு கிண்ணத்துக்கு ஒரு கரண்டி எண்ணெய். அரை மணி நேரம்தான். "ம்ம்" என்று நீட்டினால் போதும் என்று அர்த்தம். இடது பக்கம் பார்த்தால் இன்னும் வேண்டும். மருந்து காலை ஆறு, மாலை ஆறு.

கடைசி மூன்று வரியை எழுதும்போதுதான், இது என் தலைக்குள் மட்டும் இருந்திருக்கிறது என்று விளங்கியது. உங்கள் அட்டையை இன்றிரவே எழுதுங்கள். எழுதிய பிறகு நீங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டு, வேறொருவரை அதைப் பார்த்து ஊட்டச் சொல்லுங்கள். அவருக்கு எங்கே தடுமாறுகிறதோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.